அகலம் கூட, எடை குறைய: மலைப்பாதை சைக்கிளுக்கு டயரும் ரிம்மும் தேர்ந்தெடுத்த அனுபவம்

மலைப்பாதை சைக்கிளில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் கியரைத் தொட மாட்டேன், ஃபோர்க்கையும் தொட மாட்டேன். டயரையும் அதைத் தாங்கும் ரிம்மையும்தான் மாற்றுவேன். வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் இருப்பது சிறிய இரண்டு துண்டு ரப்பர். ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்காமல் பிடிப்பதும், இறக்கத்தில் பிரேக் போட்டால் வண்டி நிற்பதும், வளைவில் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்பதும் அந்த இரண்டு துண்டுகளை நம்பித்தான்.

ஆனால் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் சிக்கல் உடனே வந்துவிடுகிறது. அகலம் கூடினால் பிடிப்பு கூடும், சவாரி மென்மையாகும். அதோடு ரப்பரும் கூடும், அலுமினியமும் கூடும், எடையும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பல சக்கரங்களை ஓட்டிப் பார்த்து, தராசில் வைத்து எடை போட்டு, கழற்றி மாட்டி நான் வந்து சேர்ந்த முடிவு இது: கல்லில் படாத இடத்தில் எடையைக் குறைக்க வேண்டும், கல்லில் படும் இடத்தில் கை வைக்கக் கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவைதான்.

என் வண்டியோடு வந்த சக்கரம் 29 அங்குலம். ரிம்மின் உள்அகலம் 19 மி.மீ., அதில் 2.1 அங்குல டயர், உள்ளே ட்யூப். காற்று 35 பிஎஸ்ஐக்குக் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே போனால் கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்துவிடும். அதனால் காற்றை இறுக்கமாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. இறுக்கமாக வைத்தால் டயர் கல்லை விழுங்காது, கல்லின் மேல் ஏறித் துள்ளும். சரளை ஏற்றத்தில் பின்சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். நீண்ட இறக்கம் முடிந்து இறங்கினால் விரல்கள் மரத்திருக்கும்.

காற்றைக் குறைத்தால் வேறொரு தொல்லை. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது டயர் ரிம்மின் மேல் பக்கவாட்டில் நெளிவது கைப்பிடிவரை தெரியும். குறுகிய ரிம்மில் உட்கார்ந்த டயர் அடியில் சிறுத்து மேலே உப்பி, மின்விளக்குக் குமிழின் வடிவத்தில் நிற்கிறது. அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் பக்கவாட்டு விசை வந்ததும் மேல்பகுதி சாய்ந்துவிடுகிறது. அகல ரிம்மில் அதே டயரின் இரண்டு பக்கச்சுவர்களும் தள்ளித் தள்ளி ஊன்றி நிற்பதால், குறைந்த காற்றிலும் நெளிவு குறைகிறது. அகல ரிம்மின் முழுப் பயனும் இதுதான். டயரைப் பெரிதாக்குவது அதன் பக்க விளைவு மட்டுமே. காற்றைத் துணிந்து குறைக்க அது அனுமதி கொடுக்கிறது என்பதுதான் முக்கியம்.

வாங்கப் போகும் முன் அளவுகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டயரின் பக்கத்தில் 29 x 2.4 என்று பெரிய எழுத்திலும், 61-622 என்று சிறிய எழுத்திலும் அச்சிட்டிருப்பார்கள். நம்ப வேண்டியது சிறிய எழுத்தை. முதல் எண் டயரின் அகலம் மி.மீட்டரில், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 29 அங்குலத்துக்கு 622, 27.5 அங்குலத்துக்கு 584, பழைய 26 அங்குலத்துக்கு 559. இந்த இரண்டாவது எண் டயரிலும் ரிம்மிலும் ஒன்றாக இருந்தால்தான் டயர் மாட்டும். ரிம்மின் பக்கத்தில் 622x30 என்று இருந்தால் 30 என்பது உள்அகலம், அதாவது இரண்டு விளிம்புச் சுவர்களுக்கும் இடையே உள்ள இடைவெளி. சில விளம்பரங்களில் வெளிஅகலத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வெளியே 35 இருக்கும் ரிம்மின் உள்ளே 30தான் இருக்கலாம். டயருக்குத் தெரிவது உள்ளே இருப்பது மட்டும்தான்.

டயரில் எழுதியிருக்கும் அகலமும் நிலையான ஒன்று அல்ல. ரிம்மின் உள்அகலம் ஒரு மி.மீ. கூடினால் டயரின் அகலம் ஏறக்குறைய 0.4 மி.மீ. கூடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. என் வெர்னியர் அளவுகோலில் அது கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. ஒரே 2.25 அங்குல டயரைப் பழைய 19 மி.மீ. ரிம்மிலும் புதிய 30 மி.மீ. ரிம்மிலும் மாட்டி, ஒரே காற்றில் அளந்தபோது நான்கு மி.மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக விரிந்திருந்தது. டயர் மாட்டியவுடன் அளக்கக் கூடாது. ஓர் இரவு முழுக்கக் காற்றோடு விட்டுவிட்டு மறுநாள் அளந்தால்தான் அது தன் உண்மையான அளவுக்கு வந்திருக்கும். அளக்கும்போது இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: டயரின் உடலான துணி உப்பியிருக்கும் பக்கச்சுவரில் ஒன்று, மண்ணைப் பிடிக்கும் ரப்பர் முடிச்சுகளான பட்டன்களில் ஓரத்தில் இருப்பவற்றின் நுனியில் ஒன்று. குறுகிய ரிம்மில் பட்டன்கள் வெளியே துருத்தி நிற்கும். ரிம் அகலமாக ஆக, பக்கச்சுவர் விரிந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் பட்டன்களைத் தாண்டிவிடும்.

அந்தக் கட்டம்தான் எல்லைக்கோடு. அதே ஆர்வத்தில் 35 மி.மீ. உள்அகல ரிம்மில் 2.3 அங்குல டயரை ஓட்டிப் பார்த்தபோது அது தெளிவாகத் தெரிந்தது. டயரின் மேல்புறம் தட்டையாகி, குறுக்குவெட்டில் கிட்டத்தட்டச் சதுரமாக நின்றது. நேர்ப்பாதையில் பிடிப்புக்குக் குறைவில்லை. வளைவில் சாய்க்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக மாறும் உணர்வு இல்லை. ஒன்று நடுப்பட்டனில் நிற்கிறது, அல்லது சட்டென ஓரப்பட்டனில் விழுகிறது. அதைவிட முக்கியமாக, ஓரப்பட்டன்களின் நிழலில் மறைந்திருக்க வேண்டிய பக்கச்சுவர் வெளியே வந்து நின்றது. அந்த டயரைக் கழற்றியபோது பக்கச்சுவர் முழுக்கக் கல் உரசிய வெள்ளைக் கோடுகள். அதே ரிம்மில் 2.6 அங்குல டயரை மாட்டியதும் எல்லாம் சரியான இடத்துக்கு வந்தது.

இன்று நான் பின்பற்றும் பொருத்தம்: 2.2 முதல் 2.35 அங்குலம்வரை 25 மி.மீ. சுற்றி, 2.4, 2.5 என்றால் 30, 2.6 என்றால் 30 முதல் 35, 2.8, 3.0 என்றால் 35 முதல் 40. ஒன்றிரண்டு மி.மீ. அங்குமிங்கும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. டயர் தயாரிப்பாளர்களும் இப்போது ரிம்மை மனத்தில் வைத்தே வார்க்கிறார்கள். மாக்ஸிஸ் டயர்களில் டபிள்யூ.டி. என்று இருந்தால், அது 30 முதல் 35 மி.மீ. உள்அகல ரிம்மில் சரியான வளைவு கிடைக்கும்படி பட்டன்களை அமைத்த டயர். அதைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் ஓரப்பட்டன்கள் கீழ்நோக்கித் தொங்கிவிடும்.

இந்த அகலமெல்லாம் அண்மைக் காலத்தில் வந்தது. 2005-ல் சர்லி நிறுவனம் 3.7 அங்குல டயரோடு பக்ஸ்லி என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது, அது பனியிலும் மணலிலும் ஓட்டுபவர்களுக்கான தனி வகையாகவே இருந்தது. அதே நிறுவனம் 2012-ல் 29 அங்குலத்தில் மூன்று அங்குல டயரையும் 50 மி.மீ. ரிம்மையும் வைத்து க்ராம்பஸ் என்ற வண்டியைச் செய்தது. அங்கிருந்து எல்லாரும் கொஞ்சம் பின்வாங்கி, பெரும்பாலான வண்டிகள் 2.4-லும் 2.6-லும் 30 மி.மீ. ரிம்மிலும் வந்து நிற்கின்றன. நான் வந்து சேர்ந்த இடமும் அதுதான். டிஸ்க் பிரேக் வந்து, ரிம்மில் பிரேக் கட்டை உரசும் சுவர் தேவையில்லாமல் போனதால்தான் ரிம்மை இப்படி விரித்தும் எடையைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது.

அகலத்தை வாங்கிவிட்டு, பழைய காற்றழுத்தத்திலேயே ஓட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு அகல டயர் கல்லாக இருக்கிறது, பந்துபோல் துள்ளுகிறது என்ற குறை. காரணம் எளிது. டயர்த் துணியின் இழுவிசை என்பது காற்றழுத்தத்தை டயரின் ஆரத்தால் பெருக்கிய அளவு. டயர் தடித்தால் அதே அழுத்தத்தில் துணி இன்னும் விறைப்பாகிறது. 57 மி.மீ. டயரில் 26 பிஎஸ்ஐ வைத்தால் கிடைக்கும் விறைப்பு, 66 மி.மீ. டயரில் 22.5 பிஎஸ்ஐயிலேயே கிடைத்துவிடும். அதாவது 2.25-லிருந்து 2.6-க்கு மாறியவர், எதையும் மாற்றாத உணர்வு வேண்டும் என்றாலே மூன்றரை பிஎஸ்ஐ குறைத்தாக வேண்டும். அதற்கும் கீழே போகும்போதுதான் அகலத்தின் பயன் தொடங்குகிறது. என் எடை 75 கிலோ. 30 மி.மீ. ரிம்மில் இரண்டு பக்கமும் 2.4 டயர் போட்டால் முன்னால் 20, பின்னால் 23 வைப்பேன். கல் அதிகமுள்ள பாதை என்றால் பின்னால் ஒன்று கூட்டுவேன். ஈரமான வேர்கள் உள்ள பாதை என்றால் இரண்டிலும் ஒன்று குறைப்பேன்.

இந்த அளவுகளில் ஒரு பிஎஸ்ஐ என்பது பெரிய வேறுபாடு. தரையில் வைத்து அடிக்கும் பெரிய பம்பின் முள், 100க்கு மேல் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது; 20-க்குப் பக்கத்தில் அது காட்டுவதை நம்ப முடியாது. என்னிடம் இருக்கும் இரண்டு பம்புகள் ஒரே டயருக்கு மூன்று பிஎஸ்ஐ வேறுபாடு காட்டுகின்றன. குறைந்த அழுத்தத்துக்கான தனி அளவுமானி ஒன்று வாங்கியது, இலகுவான எந்த உதிரிபாகத்தையும்விட எனக்கு அதிகம் பயன்பட்டது. அளவுமானி துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்போதும் ஒரே மானியில் பார்க்க வேண்டும்.

இனி எடை. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை, வண்டி வேகம் எடுக்கும்போது இரண்டு மடங்காகக் கணக்காகும். வண்டியோடு சேர்ந்து முன்னே போவதற்கு ஒரு பங்கு ஆற்றல், சுழல்வதற்கு இன்னொரு பங்கு. இது உண்மை. ஆனால் இதை வைத்துச் சக்கரத்தில் ஒரு கிராம் சட்டத்தில் (ஃப்ரேமில்) பத்து கிராமுக்குச் சமம் என்றெல்லாம் சிலர் சொல்வது உண்மை அல்ல. சீரான வேகத்தில் மலை ஏறும்போது, எங்கே இருந்தாலும் ஒரு கிராம் ஒரு கிராம்தான். ஒரு சக்கரத்துக்கு 300 கிராம் வீதம் 600 கிராம் குறைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. ஏற்றத்தில் மிச்சமாவது 0.7 விழுக்காடு. ஒரு மணி நேர ஏற்றத்தில் அது சுமார் 25 வினாடி. வேகம் எடுக்கும் நொடிகளில் 1.4 விழுக்காடு.

அப்படியானால் இலகுவான சக்கரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? மலைப்பாதையில் சீரான வேகம் என்ற ஒன்றே கிடையாது என்பதால்தான். ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் மிதித்து வேகம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு கல்லுக்கும் முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும், மரங்களுக்கு நடுவே சட்டென்று திருப்ப வேண்டும். சுழலும் சக்கரத்தைச் சாய்ப்பதற்கும் திருப்புவதற்கும் எதிர்ப்பு இருக்கிறது. விளிம்பு இலகுவாக இருந்தால் அந்த எதிர்ப்பு குறைகிறது. கடிகாரத்தில் காட்டுவதைவிடக் கையிலும் காலிலும் அது அதிகம் தெரிகிறது. அந்த உணர்வுக்காக எடை குறைப்பதில் தவறே இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்று மட்டும் பார்க்க வேண்டும்.

சக்கரம் பின்னித் தரும் பெரியவர் ஒருவரிடம் புதிய ரிம்களையும், சக்கரத்தின் நடுவில் வரும் ஹப்களையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "எவ்வளவு இலகுவாக முடியுமோ அவ்வளவு இலகுவாகச் செய்து கொடுங்கள் அண்ணா" என்றேன். அவர் ரிம்மைக் கையில் எடுத்து, இணைப்பு இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தச் சக்கரம் எந்தக் கல்லில் விழும் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஸ்போக் கம்பியைப் பற்றிப் பேசலாம்." அவர் கேட்ட அந்தக் கேள்விதான் என் கணக்கையே திருப்பிப் போட்டது. எந்தப் பாகம் எவ்வளவு எடை என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, எந்தப் பாகம் எந்த அடியை வாங்குகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

அடி வாங்காத பாகங்கள் இவை. முதலில் டயரின் விளிம்புக் கம்பி. மலிவான டயர்களில் இரும்புக் கம்பி இருக்கும், மடக்க முடியாது. மடக்கு டயர்களில் அந்த இடத்தில் உறுதியான செயற்கை இழையான அராமிட் இருக்கும். இதில் மட்டும் ஒரு டயருக்குப் பெரும்பாலும் ஐம்பது கிராமுக்கு மேல் குறையும், பிடிப்பிலோ உழைப்பிலோ எதையும் இழப்பதில்லை. அடுத்து ட்யூப். 29 அங்குலச் சாதாரண ட்யூப் சுமார் 200 கிராம். ட்யூப்லெஸ் ஆக்கினால், அதாவது ட்யூப் இல்லாமல் ஓட்டினால், அதற்குப் பதிலாக ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 100 மி.லி., டேப், வால்வு எல்லாம் சேர்ந்து 120 கிராம் வரும். மிச்சம் எண்பது கிராம்தான். ஆனாலும் இதை முதலில் செய்ய வேண்டும் என்பேன், எடைக்காக அல்ல. நசுங்க ட்யூப் இல்லாததால் காற்றைக் குறைக்க முடிகிறது என்பதற்காக.

பிறகு ஸ்போக் கம்பிகள். முழு நீளமும் 2 மி.மீ. தடிமன் உள்ள கம்பிக்குப் பதில், இரு முனையும் 2 மி.மீ. இருந்து நடுவில் 1.8 மி.மீ. ஆக மெலிந்த கம்பி போட்டால், மொத்தக் கம்பி எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. மெலிந்த நடுப்பகுதி சற்று நீண்டு சுருங்குவதால், கம்பி வழக்கமாக முறியும் இடங்களான வளைந்த கழுத்திலும் மரையிலும் அழுத்தம் குறைகிறது. இலகுவாகவும் இருந்து கூடுதல் காலமும் உழைக்கும் அரிதான பொருள் இது. கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்களைப் பித்தளையிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றினால் 64 நிப்பிளுக்குச் சுமார் 40 கிராம் குறையும். பெரியவர் பித்தளையையே போட்டார். சீலன்ட் கசிந்தாலோ ஈரம் தங்கினாலோ அலுமினிய நிப்பிள் அரித்து இறுகிவிடும், பிறகு கோட்டம் எடுக்கும்போது திரும்பாமல் அதன் முனைகள் மழுங்கிவிடும் என்றார். ஈரத்தில் அதிகம் ஓட்டுபவன் என்பதால் நானும் மறுக்கவில்லை.

ரிம்மில் எடை குறைப்பது நடுத்தரமான ஆபத்து. 30 மி.மீ. உள்அகலமுள்ள 29 அங்குல அலுமினிய ரிம் 450 முதல் 550 கிராம்வரை இருக்கும். 35 மி.மீ. என்றால் அதற்கும் மேல். அதே அகலத்தில் கார்பன் ரிம் 400 கிராமைச் சுற்றிக் கிடைக்கும். நான் முன்னால் இலகுவான அலுமினிய ரிம்மும், பின்னால் அதைவிட அறுபது எழுபது கிராம் கூடுதலான ரிம்மும் போட்டிருக்கிறேன். ஆளின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தில்தான் விழுகிறது. முன்சக்கரத்தைக் கல்லுக்கு மேல் தூக்கலாம், பின்சக்கரம் மோதியே ஏறும். கார்பன் ரிம்மின் விறைப்பும் எடையும் உண்மையிலேயே சிறப்பு. அலுமினியம் அடிபட்டால் நெளியும், பெரும்பாலும் நெளிவோடு வீடு வந்து சேரலாம். கார்பன் நெளியாது, தாங்கும் அல்லது விரிசல் விடும். கல் குறைவான, ஏற்றம் நிறைந்த பாதைகளில் ஓட்டுபவருக்கு நான் கார்பனைத் தயங்காமல் சொல்வேன்.

இப்போது டயர். எடை குறைப்பதற்கான ஆசை அதிகம் வருவது இங்கேதான், ஏனென்றால் எண்கள் பெரிது. 29 x 2.25 பந்தய டயர் 650, 700 கிராமில் கிடைக்கும். 2.4 அகலத்தில் பாதுகாப்புள்ள டயர் 900, 1000 கிராம். இறக்கத்துக்கான தடித்த டயர் 1200-க்கும் மேல். ஒரே பெயர், ஒரே பட்டன் அமைப்பில் இத்தனையும் வரும். வேறுபாடு முழுக்கத் துணியிலும் பக்கச்சுவரிலும் இருக்கிறது. மாக்ஸிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள் டவுன் என்றும், ஷ்வால்பேயில் சூப்பர் ரேஸ், சூப்பர் கிரவுண்ட், சூப்பர் ட்ரெயில், சூப்பர் கிராவிட்டி என்றும் படிப்படியாக ஏறும். டயரின் பெயரைவிட இந்த இரண்டாவது பெயரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்ற எண்ணையும் போட்டிருப்பார்கள். 120 என்றால் மெல்லிய நூல், நெகிழ்வான துணி. 60 என்றால் தடித்த நூல். ஆனால் சிலர் ஒரு அடுக்கை எண்ணுகிறார்கள், சிலர் எல்லா அடுக்கையும் கூட்டுகிறார்கள். அதனால் இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

எண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். பக்கச்சுவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்து மடித்துப் பாருங்கள். மெல்லிய பந்தய டயர் துணிபோல் மடங்கி, மடிப்பில் நூல்களின் வரிசை தெரியும். பாதுகாப்புள்ள டயரில் மடிப்பு தடித்து, விட்டவுடன் மெல்ல நிமிரும். நடுவில் மெல்லியதாகவும் விளிம்புக்கு அருகே தடித்தும் இருக்கும் டயர்களும் உண்டு. ரிம் அடிக்கும் இடத்தில் மட்டும் ரப்பரைச் சேர்த்திருக்கிறார்கள். அது நல்ல சிக்கனம்.

மெல்லிய பக்கச்சுவரின் கதை எப்படி முடியும் என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். செம்மண் பாதைகளில் பின்னால் ஓட்டிய 680 கிராம் டயர் அது. உருளும் வேகத்துக்காக மிகவும் விரும்பிய டயர். ஒரு நாள் பாறைகள் உடைந்து அடுக்கடுக்காகக் கிடந்த இறக்கத்தில் போனபோது, பின்னாலிருந்து சீறும் ஒலி கேட்டது. சக்கரத்தைத் திருப்பினேன். ஓரப்பட்டன்களுக்குக் கீழே, துணியில் விரல்நுனி நீளத்துக்கு நேர்க்கோடாக ஒரு வெட்டு. சீலன்ட் அதன் வழியே நுரைத்து நுரைத்து வந்து, உறைவதற்குள் அடுத்த காற்றில் தெறித்துப் போய்க்கொண்டிருந்தது. நடுப்பகுதியில் முள் குத்தினால் ரப்பர்த் திரியைச் செருகி அடைத்துவிடலாம். பக்கச்சுவரில் அடைக்கத் தடித்த ரப்பர் இல்லை; திரியைச் செருகினால் வெட்டு இன்னும் விரிகிறது. உள்ளே பழைய ட்யூப் துண்டை வெட்டி ஒட்டாக வைத்து, கையிருப்பு ட்யூபைப் போட்டு, மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. அன்று சிந்திய சீலன்டின் கறை சட்டத்தில் இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு பின்னால் 900 கிராமுக்குக் கீழே நான் போவதில்லை. முன்னால் அவ்வளவு கண்டிப்பு இல்லை. முன்டயருக்கு வேண்டியது அகலமும் மென்மையான ரப்பரும். பின்டயருக்கு வேண்டியது உறுதியான பக்கச்சுவரும் சற்றுக் கடினமான, எளிதில் உருளும் ரப்பரும். இப்போது முன்னால் 2.6, நெகிழ்வான துணி, உயரமான பட்டன்கள், பின்னால் 2.4, தடித்த பக்கச்சுவர், தாழ்ந்த நெருக்கமான பட்டன்கள். இரண்டின் எடையும் கிட்டத்தட்ட ஒன்றே. முன்சக்கரம் வழுக்கினால் விழுந்துவிடுவோம், பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம் என்பதால் பிடிப்பை எப்போதும் முன்னுக்கே கொடுக்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் எடையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மாதிரி டயரில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஐம்பது கிராம் வேறுபாடு சாதாரணம். நான் வாங்கும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துச் சுண்ணக்கட்டியால் உட்புறத்தில் எழுதிவைக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்த இன்னொன்று: மிக இலகுவாக வந்துவிட்ட டயர் பெரும்பாலும் எழுதியிருக்கும் அகலத்துக்கு விரிவதும் இல்லை. அகலம் குறைந்திருப்பதால்தான் எடையும் குறைந்திருக்கிறது.

வாங்கும் முன் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முதல் வேலை. இப்போதுள்ள டயரின் இரு பக்கமும், பின்சட்டத்தின் கீழ்க்குழாய்களுக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். புதிய டயருக்குப் பிறகும் பக்கத்துக்கு ஆறு மி.மீட்டராவது மிஞ்ச வேண்டும். சேறும் சிறுகல்லும் ஒட்டிக்கொண்டு சுழலும்போது சட்டத்தை அரம்போல் ராவிவிடும். முன்னால் ஃபோர்க்கின் காற்றை முழுவதும் இறக்கி, அடிவரை அழுத்தி, டயர் மேலே மோதுகிறதா என்று பாருங்கள். அகல டயர் உயரமும் கூடியது என்பதை மறந்துவிடுகிறோம். 27.5 x 2.8 டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட 29 x 2.1-க்கு வந்துவிடும்.

மாட்டுவதில் ஒரே ஒரு சூட்சுமம். ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கிறது. டயரின் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, சுற்றிலும் அந்தப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்தால், கடைசித் துண்டு வெறும் கையாலேயே ஏறிவிடும். நெம்புகோல் தேவைப்பட்டால் விளிம்பு எங்கோ பள்ளத்தை விட்டு மேலே ஏறியிருக்கிறது என்று பொருள். டேப் ரிம்மின் உள்அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் காற்று புகுந்து கம்பித் துளை வழியே கசியும். அகல ரிம்களில் உச்சக் காற்றழுத்தம் குறைவாகக் குறிக்கப்பட்டிருக்கும். விளிம்பு உட்கார வேண்டும் என்று அதைத் தாண்டி அடிக்கக் கூடாது. சோப்பு நீரைத் தடவி மறுபடி முயலுங்கள். சீலன்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ரிம்மை மாற்ற இப்போதைக்கு வழியில்லை, 21 மி.மீ. ரிம்தான் இருக்கிறது என்பவர்களும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2.25-க்கு மேல் போகாதீர்கள்; போனால் நெளிவுதான் மிஞ்சும். மடக்கு டயராக, பின்னால் உறுதியான பக்கச்சுவரோடு வாங்குங்கள். ரிம் ட்யூப்லெஸுக்கு ஏற்றதாக இருந்தால் ட்யூபைக் கழற்றிவிட்டு, இப்போது வைக்கும் காற்றிலிருந்து இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்துக்கொண்டே ஒரே பாதையில் ஓட்டிப் பாருங்கள். வளைவில் டயர் நெளிவதோ, கல்லில் ரிம் மோதும் ஒலியோ எப்போது முதலில் தெரிகிறதோ, அதற்கு இரண்டு பிஎஸ்ஐ மேலே நிறுத்துங்கள். அந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டால், பிறகு அகல ரிம் வாங்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதும் தெரிந்திருக்கும்.